பேட் சத்தம் இல்லாத ஆராதனை: 8 வியாழக்கிழமை போய்வந்தேன்

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ஆராதனையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் ஏன் சத்தத்தைப் பற்றியே எழுதுகிறான் என்று தோன்றும். 12 வருடமாக எங்கள் சபையில், மைக், வாத்தியச் சத்தங்களைச் சேர்த்துச் சரிசெய்யும் மிக்சரில் உட்காருகிறேன். எல்லோரும் கண்ணை மூடும் நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டியவன் நான். போதகர் குரலை உயர்த்தப் போகிறார் என்பது அவர் தோள் அசைவதிலேயே தெரிந்துவிடும். கை தானாக, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்குப் போகும். பாட்டுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் கடைசியாக எப்போது நான் பாடினேன் என்று யாராவது கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும்.

இந்த மதிப்புரை, 8 வாரம் நடந்த ஒரு மாலை ஆராதனைத் தொடரைப் பற்றியது. வியாழக்கிழமைதோறும் 75 நிமிடம். பெயர் 'நிலைத்திருத்தல்'. யோவான் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் திராட்சச்செடியும் கொடிகளும்தான் அடிப்படை. ஆண்டவரோடு ஒட்டிக்கொண்டே வாழ்வது எப்படி என்பதைப் பேசிக் கற்றுத்தராமல், உட்காரவைத்துப் பழக்கப் பார்க்கிறார்கள். கூடவே ஒரு சிறு கையேடு, வாரத்துக்கு ஓர் அட்டை, வீட்டில் கேட்க ஒலிப்பதிவுகள், அவற்றுக்கென்று ஒரு செயலி. நடத்துகிறவர்கள் யார் என்று எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அவர்கள் நல்ல மனிதர்கள்.

ஏன் போனேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கீபோர்டில் 'பேட்' என்று ஓர் ஒலி இருக்கிறது. சில கட்டைகளைச் சேர்த்து அழுத்தி ஒரு கார்டைப் பிடித்தால், விடும்வரை மெத்தென்று இழைந்துகொண்டே இருக்கும். ஜெப நேரத்தில் அதைத்தான் அடியில் ஓடவிடுவோம். போதகர் மெதுவாகப் பேசும்போது கொஞ்சம் இறக்கி, அவர் சூடுபிடிக்கும்போது ஒரு நூல் ஏற்றினால், சபையும் கூடவே ஏறும். மிக்சரில் உட்காருகிற எவனுக்கும் இது தெரியும், வெளியே சொல்லமாட்டோம். ஒருநாள் போதகர், தேவ பிரசன்னம் இந்த இடத்தை நிரப்புகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கீபோர்ட் கேபிள் கழன்றுவிட்டது. பேட் சட்டென்று நின்றது. பாதிப்பேர் கண்ணைத் திறந்தார்கள். சிலர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஓடிப்போய்ச் செருகினேன். பேட் வந்தது, கண்கள் மூடின, விட்ட இடத்திலிருந்து விசும்பல்கூடத் தொடர்ந்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை வருடமாக நான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது எதை?

இசை பொய் என்று சொல்லவரவில்லை. எலிசா தீர்க்கதரிசியே, ஒரு சுரமண்டல வாத்தியக்காரனை அழைத்துவாருங்கள் என்றுதான் கேட்டார். அவன் வாசித்தபோதுதான் கர்த்தருடைய கரம் அவர்மேல் இறங்கியது. 2 இராஜாக்கள் 3-இல் இருக்கிறது. எங்கள் வேலைக்கு வேதத்தில் கிடைக்கும் நேரடி ஆதாரம் அதுதான் என்று நான் அடிக்கடி வேடிக்கையாகச் சொல்வேன். கேபிள் கழன்ற பிறகு அந்த வேடிக்கை வாயில் வரவில்லை. அப்போதுதான் ஒரு நண்பர் இந்தத் தொடரைப் பற்றிச் சொன்னார். "அங்கே கீபோர்டே கிடையாது, போய்ப் பார்" என்றார்.

போனேன். மேடை இல்லை. நாற்காலிகளை எதிரெதிராக இரண்டு அரைவட்டமாகப் போட்டிருந்தார்கள்; நடுவில் ஒரு தாழ்வான மேஜை, அதன்மேல் ஒரு விளக்கும் திறந்த வேதாகமமும். ஒரே ஒரு மைக், ஸ்டாண்டில். அதையும் வாசிப்புக்கு மட்டும்தான் பயன்படுத்தினார்கள். பாட்டுக்கு யாரும் முன்னால் நிற்கவில்லை. ஒரு பெண் உட்கார்ந்த இடத்திலேயே சுருதி எடுத்துக்கொடுக்க, நாங்கள் சேர்ந்துகொண்டோம். ஒரே வரி, பத்துப் பன்னிரண்டு முறை. முதல் மூன்று முறை சலிப்பு. ஐந்தாவது முறையில் வரி தானாக வாயில் ஓடுகிறது, மனம் விடுபட்டு அதன் பொருளில் போய் உட்கார்கிறது. இந்த முறையைத் தாங்கள் பிரான்சில் உள்ள தெய்சே சமூகத்திடமிருந்து எடுத்துக்கொண்டதாக முதல் நாளே சொல்லிவிட்டார்கள். 1940-இல் சகோதரர் ரோஜே தொடங்கிய சமூகம் அது. நாளுக்கு 3 வேளை ஜெபம், திரும்பத் திரும்பப் பாடும் சின்னப் பாட்டுகள், நடுவில் ஒரு நீண்ட மௌனம். எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

பாட்டுக்குப் பிறகு வாசிப்பு. ஒரே பகுதியை மூன்று பேர், மூன்று குரலில், இடைவெளி விட்டு வாசித்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் கிகோ வகுத்த நான்கு படிகள்தான்: வாசி, அசைபோடு, ஜெபி, அமைதியாக இரு. கையேட்டில் இதற்கு இரண்டு பக்கம் விளக்கம் இருக்கிறது. தேவையில்லை, செய்தாலே புரிந்துவிடுகிறது.

அப்புறம் மௌனம். 12 நிமிடம்.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஓரளவு தெரிந்த விஷயம் சத்தம்தான். சத்தமே இல்லாத அறை என்று ஒன்று கிடையாது. முதல் வாரம் அந்த 12 நிமிடத்தில் நான் கேட்டவை: இடது ஸ்பீக்கரில் மிக மெல்லிய இரைச்சல் (மைக்கை மியூட் பண்ணாமல் விட்டிருந்தார்கள்), மின்விசிறியில் ஒரு இறக்கை மட்டும் எதிலோ உரசுகிற டிக், யாரோ விழுங்கும் எச்சில், என் சட்டைப்பையில் பேனா மூடி நெருடும் சத்தம். இரைச்சலை எப்படி நீக்குவது என்று மனதுக்குள் ஒரு முழுத் திட்டம் போட்டுவிட்டேன். மணி அடித்தபோது, ஆண்டவரைப் பற்றி அரை நிமிடம்கூட நினைக்கவில்லை என்று தெரிந்தது. அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதே கதைதான். மூன்றாவது வாரம் இரைச்சல் இருந்தது, நான் அதைக் கேட்டேன், விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம், எந்த நிமிடத்தில் என்று தெரியவில்லை, 'நான் இங்கேதான் இருக்கிறேன் ஆண்டவரே' என்று உள்ளுக்குள் சொன்னேன். அவ்வளவுதான். அழவில்லை. உடம்பு சிலிர்க்கவில்லை. சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்திருந்தேன்.

பெரிய அனுபவத்தைத் தேடி இங்கே போகிறவர்கள் ஏமாந்துதான் திரும்புவார்கள். என்னோடு முதல் வாரம் வந்த இருவர் இரண்டாம் வாரம் வரவில்லை. "ஒண்ணுமே நடக்கலையே பிரதர்" என்றார் ஒருவர். அவர் சொன்னது உண்மைதான். ஒன்றும் நடக்காதபோதும் எழுந்து போகாமல் இருக்கப் பழக்குவதுதான் இந்தத் தொடரின் வேலையே என்பது எனக்குப் புரிய நான்கு வாரம் ஆனது.

உள்ளடக்கத்தில் என்னை அசைத்தது ஒரே ஒரு சொல். நடத்தும் அக்கா முதல் வாரம் யோவான் 15-ஐ எடுக்கவே இல்லை. யோவான் 1-ஐ எடுத்தார். இரண்டு பேர் இயேசுவுக்குப் பின்னால் நடக்கிறார்கள். அவர் திரும்பி, என்ன தேடுகிறீர்கள் என்கிறார். அவர்கள் பதிலுக்கு, ரபீ, நீர் எங்கே தங்கியிருக்கிறீர் என்கிறார்கள். வந்துபாருங்கள் என்கிறார். போய்ப் பார்த்து, அன்றைக்கு அவரிடத்தில் தங்கினார்கள்; ஏறக்குறையப் பத்துமணி வேளை. சூரியன் உதித்ததிலிருந்து எண்ணினால் மாலை 4 மணி. அந்த மாலை முழுக்க என்ன பேசினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. நேரம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இந்தத் 'தங்கியிருத்தல்' கிரேக்கத்தில் மெனோ என்ற வினைச்சொல். யோவான் 15-இல் 'என்னில் நிலைத்திருங்கள்' என்று வருவதும் அதே மெனோதான். 4 முதல் 10 வரை உள்ள 7 வசனங்களில் 10 முறை வருகிறது. நம் வேதாகமத்தில் ஓரிடத்தில் தங்குதல் என்றும் இன்னோரிடத்தில் நிலைத்திருத்தல் என்றும் இருப்பதால், இரண்டும் ஒரே சொல் என்று எனக்கு இத்தனை வருடமும் தெரியவில்லை. நிலைத்திருத்தல் என்றால் ஏதோ பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடிப்பது, விழாமல் நிற்பது என்றே நினைத்திருந்தேன். ஒரு மாலை ஒருவர் வீட்டில் போய்த் தங்குவதும் அதே சொல் என்றபோது தோள் கொஞ்சம் இறங்கியது.

அதோடு இன்னொன்றும் சொன்னார். 14-ஆம் அதிகாரத்தின் கடைசி வரி, 'எழுந்திருங்கள், இவ்விடம்விட்டுப் போவோம் வாருங்கள்'. அதற்கு அடுத்த வசனம்தான் 'நான் மெய்யான திராட்சச்செடி'. எழுந்திரு போகலாம் என்று சொல்லிவிட்டு, என்னில் தங்கியிரு என்கிறார். அப்படியானால் இந்தத் தங்குதல் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பது மட்டும் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு மிக்சர்தான் ஞாபகம் வந்தது. ஆராதனையில் உட்கார முடியாதவனுக்கும் இதில் இடம் இருக்கும் போலிருக்கிறதே என்று தோன்றியது.

இரண்டாம் வாரம் ஒரு காரியம் செய்தார்கள். தொட்டியில் வளர்ந்த ஒரு திராட்சச்செடியைக் கொண்டுவந்து வைத்து, ஆராதனை தொடங்கும்போது ஒரு கொடியைக் கத்தரியால் நறுக்கி மேஜைமேல் போட்டார்கள். விளக்கம் ஏதும் சொல்லவில்லை. 75 நிமிடம் கழித்துப் போகும்போது நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. இலையின் ஓரம் மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது. பற்றுக்கம்பி சுருள் அப்படியே விறைப்பாக நின்றது. வெட்டுவாயைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்திருந்தால், செடியில் இருக்கும் கொடிதான் என்று சொல்லியிருப்பேன். மூன்றாம் வாரம் அதே கொடி அதே மேஜையில். இலை விரலில் பட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. நான் 12 வருடம் பார்த்த மிக்சரும் மனப்பாடமான பாட்டுகளும் கண்முன் வந்தன. அறுந்தது எந்த வாரம் என்று இலைக்குத் தெரியாது போல.

கொடியைக் கழிப்பதைப் பற்றியும் மூன்றாம் வாரம் பேசினார்கள். கனிகொடுக்கிற கொடியைத் தோட்டக்காரரான பிதா 'சுத்தம்பண்ணுகிறார்' என்று யோவான் 15-இன் 2-ஆம் வசனம். நான் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே 'சுத்தமாயிருக்கிறீர்கள்' என்று 3-ஆம் வசனம். கிரேக்கத்தில் இந்த இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல். இதை நம் வேதாகமம் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. திராட்சை வளர்ப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் முந்தைய வளர்ச்சியில் பெரும்பகுதியை வெட்டி எறிவார்கள். வெட்டாமல் விட்டால் இலைக்காடாகும், பழம் குறையும். குழுவில் ஒருவர், வேலை போனதை ஆண்டவர் செய்த கழிப்பு என்று சொல்லலாமா என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்குப் பதிலாக நான் அப்படிச் சொல்லமாட்டேன்" என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே இன்னொரு முறை போகலாம்.

ஆறாம் வாரம் கொஞ்சம் சர்ச்சை. கிழக்குத் திருச்சபைகளின் 'இயேசு ஜெபம்'. 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, தேவகுமாரனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்ற ஒரே வாக்கியத்தை மூச்சோடு சேர்த்துச் சொல்வது. லூக்கா 18-இல் வரிவசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு கேட்டதையும், அதே அதிகாரத்தில் குருடன் வழியோரம் கூப்பிட்டதையும் கோத்த மாதிரி இருக்கும். கிரீஸில் உள்ள ஆதோஸ் மலைத் துறவிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவருவது. 14-ஆம் நூற்றாண்டில் கிரிகோரி பாலமாஸ் என்ற துறவி இதற்காகப் பெரிய வாதமே செய்தார். ஆளுக்கொரு கம்பளிக் கயிறு கொடுத்தார்கள், 33 முடிச்சு. முடிச்சுக்கு ஒருமுறை.

பக்கத்து நாற்காலிப் பெரியவர் கயிற்றை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "தம்பி, வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்னு ஆண்டவரே சொல்லியிருக்காரே?"

எனக்கும் அதே நெருடல்தான். அக்கா காதில் விழுந்திருக்க வேண்டும். "ஐயா, கெத்செமனேயில் அவர் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். 136-ஆம் சங்கீதத்தில் ஒரே வரி 26 முறை வருகிறது. வார்த்தை திரும்ப வருவது குற்றமில்லை, வீணாக வருவதுதான் குற்றம். வீணாகப் போகிறதென்று தோன்றினால் கயிற்றைக் கீழே வைத்துவிடுங்கள்" என்றார். பெரியவர் கீழே வைத்துவிட்டார். அக்காவும் வற்புறுத்தவில்லை. நான் வைத்துக்கொண்டேன். இப்போதும் சட்டைப்பையில் இருக்கிறது. 33-ஐ முழுதாகச் சொல்லி முடித்த நாட்கள் குறைவு. ஏழெட்டு முடிச்சில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அடுத்த முறை கை உள்ளே போகும்போது முடிச்சு தட்டுப்படுகிறது, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். நான் வாங்கிவந்த பொருள்களில் உண்மையாகவே பயன்படுகிறது இதுதான்.

செயலியைப் பற்றி. தினமும் 8 நிமிட ஒலிப்பதிவு. குரல் நன்றாக இருக்கிறது, பதிவும் சுத்தம் (அடியில் பேட் போட்டிருக்கிறார்கள், சிரித்துக்கொண்டேன்). தொல்லை என்னவென்றால் அதில் ஒரு நாள்கணக்கு ஓடுகிறது. விடாமல் எத்தனை நாள் கேட்டீர்கள் என்று எண்ணிக்கொண்டே வரும். 19-ஆம் நாள் அம்மாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ராத்திரி முழுக்க நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையிலேயே நான் மிக அதிகமாக ஜெபித்த ராத்திரி அதுவாகத்தான் இருக்கும். ஜெபம் என்றால் வார்த்தையாகக்கூட இல்லை, 'ஐயோ அப்பா' என்பதுதான் திரும்பத் திரும்ப. விடிகாலையில் அம்மாவுக்கு ஆபத்தில்லை என்று சொன்ன பிறகு போனை எடுத்தேன். திரையில்: 'உங்கள் தொடர்பு அறுந்துவிட்டது! இன்றே மீண்டும் தொடங்குங்கள்.' பக்கத்தில் உடைந்த சங்கிலிப் படம்.

யோவான் 15-ஐ அடிப்படையாக வைத்த ஒரு செயலி, இந்த வாக்கியத்தை எழுதலாமா? எழுதினவர் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார். எங்கேயோ எல்லாச் செயலியிலும் இருப்பதை எடுத்துப் போட்டிருப்பார். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் படித்தவனுக்கு எப்படி இருக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கருத்துப் படிவத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறேன். ஒலிப்பதிவுகளைத் தரவிறக்கிக்கொண்டு செயலியை நீக்கிவிட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மற்ற குறைகள். மௌனம் முடிவதைச் சொல்ல ஓர் உலோக மணி அடிக்கிறார்கள். பித்தளைத் தட்டில் கரண்டி விழுந்த மாதிரி, அடித்த கணத்திலேயே முழுச் சத்தமும் வந்துவிடுகிறது. 12 நிமிடம் அமைதியாக இருந்த காதில் அது அறைந்த மாதிரி இருக்கிறது. விரலால் மரத்தைத் தட்டினாலே போதும். மைக்கை வாசிப்பவரின் வாய்க்கு நேராக வைப்பதால் 'ச', 'ஸ' எல்லாம் சீறுகிறது. கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொன்னேன், ஐந்தாம் வாரத்திலிருந்து சரி. கையேட்டின் எழுத்து மிகச் சிறியது, விளக்கு வெளிச்சத்தில் வயதானவர்களால் படிக்க முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இங்கே வழியே இல்லை. ஒருநாள் ஓர் இளம் தாய் குழந்தையோடு வந்து, அது சிணுங்கத் தொடங்கியதும் எழுந்து வெளியே போனவர் திரும்பவே இல்லை. இருந்து பழகுவதைப் பற்றிய ஆராதனையில் அவருக்கு இருக்க இடம் இல்லை என்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அக்கா பேசுவதிலும் ஒன்று சொல்ல வேண்டும். சகோதரர் லாரன்ஸ் கதையை மூன்று வாரம் சொன்னார். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே ஆண்டவரோடு பேசிக்கொண்டே வேலைசெய்தவர், 1691-இல் இறந்தவர். நல்ல கதைதான், முதல் முறை கேட்டபோது எனக்கு நெஞ்சில் பட்டது. மூன்றாவது முறை நான் மனதுக்குள் அவர் மைக்கை மெல்ல இறக்கினேன். இன்னொன்று, மௌனத்துக்கு முன்னால் சில நாள், இப்போது உங்களுக்குள் ஒரு சமாதானம் வருவதை உணர்வீர்கள் என்று சொல்லிவிடுகிறார். கீபோர்டை வெளியேற்றிய இடத்தில் அதே வேலையை வாயால் செய்கிற மாதிரி ஆகிவிடுகிறது. உணராதவன் என்ன செய்வான்? சும்மா விட்டுவிட்டால் நாங்கள் உட்கார்ந்திருப்போம்.

ஏழாம் வாரம், இயேசு சபையைத் தொடங்கிய லொயோலாவின் இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் கற்றுக்கொடுத்த நாள்முடிவுச் சோதனை. நன்றி சொல், வெளிச்சம் கேள், நாளைத் திரும்ப ஓட்டிப் பார், வருந்து, நாளைக்கு உதவி கேள். எனக்கு இது சுலபமாக வந்தது. ஆராதனை முடிந்தபின் பதிவை ஒவ்வொரு சேனலாகத் தனித்தனியாகக் கேட்பதுதான் என் வேலை. எந்த இடத்தில் கரகரத்தது, எந்த இடத்தில் யாருடைய குரலை நான் கவனிக்காமல் அமுக்கினேன் என்று தெரிந்துவிடும். அந்த வாரம் ஒரு நாளை அப்படிக் கேட்டுப் பார்த்ததில், மதியம் என் தம்பியிடம் போனில் சுருக்கென்று சொன்ன ஒரு வார்த்தை தெளிவாகக் கேட்டது. திரும்பக் கூப்பிட்டேன்.

எட்டாம் வாரம், உயிர்த்தெழுந்த இயேசு எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரண்டு சீஷர்களோடு நடந்துவந்த கதை. நடந்துவந்த இருவரும், எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று என்று அவரை வருந்திக் கேட்கிறார்கள். இங்கேயும் அதே மெனோ. முதல் வாரம் சீஷர்கள் அவர் இடத்தில் போய்த் தங்கினார்கள்; கடைசி வாரம் அவரைத் தங்களிடத்தில் தங்கச் சொல்கிறார்கள். தொடரை இப்படி அமைத்தவருக்கு ஒரு பூங்கொத்து கொடுக்கலாம். வாசிப்பு முடிந்ததும் திருவிருந்து. அப்பத்தைப் பிட்டு ஒவ்வொருவராகப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தோம். எனக்குக் கொடுத்தவர் கயிற்றைக் கீழே வைத்த பெரியவர். அவர் கை நடுங்கியது. பிட்ட துண்டு ரொம்பப் பெரிதாக வந்துவிட்டது. மென்று முடிக்கும்வரை அடுத்த பாட்டில் என்னால் சேர முடியவில்லை. எட்டு வாரத்தில் நான் சிரித்துக்கொண்டே ஆராதித்தது அப்போதுதான்.

யார் போகலாம்? ஆராதனையில் ஏதாவது பொறுப்பில் இருப்பவர்கள் கட்டாயம் போங்கள்: பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், திரையில் பாட்டு வரிகளை ஓட்டுகிறவர்கள், வாசலில் நிற்கிறவர்கள், போதகர்கள்கூட. 75 நிமிடம் உங்களிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இது மட்டும் போதாது. இங்கே கேள்வி கேட்க அதிக நேரம் கிடைப்பதில்லை. கையை உயர்த்திச் சத்தமாகத் துதித்தால்தான் ஆராதித்த மாதிரி இருக்கும் என்பவர்கள் முதல் இரண்டு வாரத்தை எப்படியாவது தாண்டிவிடுங்கள். அதற்கப்புறமும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

நான் மிக்சருக்குத் திரும்பிவிட்டேன். போன ஞாயிறு, பிரசங்கம் முடிந்து போதகர் ஜெபிக்கத் தொடங்கினார், வழக்கம்போல பேட் எழுந்தது. கயிறு ஒரு கையில் இருந்தது. இன்னொரு கையால் கீபோர்ட் ஃபேடரைக் கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் கவனிக்காத வேகத்தில் இறக்கினேன். முழுதாக இறக்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டேன். ஒருவரும் கண்ணைத் திறக்கவில்லை. கீபோர்ட் வாசிக்கிற தம்பி மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான். "அண்ணா, ஜெப நேரத்துல என் சத்தமே வரல. கேபிள் மறுபடி கழண்டுடுச்சா?"

"இல்லப்பா" என்றேன். "கேபிள் நல்லாத்தான் இருக்கு. வியாழக்கிழமை சாயங்காலம் நீ என்ன பண்றே?"